ஏழு மணிச் செபமாலை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, மறைந்த பெரியவரின் மக்களே, மருமக்களே, பேரப்பிள்ளைகளே, அன்பியத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

முப்பதாம் நாள் திருப்பலியை முடித்துவிட்டு, 91 ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்த ஐயாவை நினைக்க இங்கே அமர்ந்திருக்கிறோம். அவர் அதிகம் பேசாதவர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் வீரமாமுனிவர் அவரையே வளன் என்ற பெயரில் தேம்பாவணியின் தலைவராக்கி, 3,615 பாடல்களில் பாடினார். மனைவியையும் பிள்ளையையும் காத்து, கைத்தொழில் செய்து வாழ்ந்த ஒருவரைக் காப்பியத்துக்கு உரியவராக அந்த முனிவர் கண்டாரே, அதனால்தான் இன்று ஐயாவைப் பற்றிப் பேச எனக்குத் துணிவு வந்தது.

ஐயா தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் தொழிலாளி. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூ அச்சைப் பொருத்தி, வண்ணக் கலவையைக் கையாலேயே ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கி, மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, பிறகு காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். ஊறி முடிந்தபின் கண்ணாடி தானாகக் கழன்று வரும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அவர் சொன்ன பாடம் ஒன்றுதான்: "அவசரப்பட்டா கண்ணாடியோட பூவும் வந்துரும்." இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் முகப்பிலும் பட்டாலையிலும் அவர் ஊற்றிய பூக்கள் கிடக்கின்றன, நடக்க நடக்க மெருகேறும் தரை அது.

அவருடைய மூத்த மகன் ஒரு காலத்தில் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் இங்கே இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஐயா ஒரு நாளும் அவரைக் கடிந்ததில்லை, உறவினரை விட்டுப் புத்தி சொல்லச் சொன்னதுமில்லை. மாலை ஏழு மணிக்கு வீட்டார் செபமாலை சொல்ல அமரும்போது மகனுக்கும் ஒரு பாயை விரித்துவைப்பார். செபம் முடிந்ததும் யாரும் அமராத அந்தப் பாயைத் தாமே சுருட்டிவைப்பார். பதினோரு ஆண்டுகள் இப்படி நடந்தது. எனக்கே பொறுக்காமல் ஒரு முறை கேட்டுவிட்டேன். பையன்களுக்குச் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் எனக்கும் சொன்னார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மகன் தாமாக வந்து அந்தப் பாயில் அமர்ந்தபோது, ஐயா வியக்கவுமில்லை, கண் கலங்கவுமில்லை. "மூணாவது தேவ ரகசியத்த நீ சொல்லுப்பா" என்று செபமாலையின் ஒரு பகுதியை அவரிடம் விட்டார், அவ்வளவுதான்.

பக்தி என்றால் கோவிலில் முன்வரிசை என்றும், திருவிழாக் கணக்கில் பெரிய தொகை என்றும் நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய மனைவி பக்கவாதத்தில் படுத்த ஒன்பது ஆண்டுகளில் நான் கண்டதுதான் எனக்குப் பக்தி. சிமெண்டில் காய்த்துப்போன அந்த விரல்கள் தலைவாரிப் பின்னக் கற்றுக்கொண்டன; முதலில் பேத்தியிடம் கேட்டுப் பழகினார், பிறகு பேத்தியைப் பின்ன விடவே மாட்டேன் என்றார். முதல் வெள்ளிக்கிழமைதோறும் பங்குத்தந்தை நற்கருணை கொண்டுவருவதற்கு முன்பே அம்மாவைக் குளிப்பாட்டி, வெளுத்த சேலை உடுத்தி, சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றி, வாசலில் நிற்பார். அம்மாவுக்கு வாய் குழறும். ஆனாலும் அருள் நிறைந்த மரியே செபத்தில் தம் பங்கை அம்மா சொல்லி முடிக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், தம்முடைய பங்கைத் தொடங்காமல் இருப்பார்.

சிறுவனாக இருந்தபோது பலிபீடத்தில் உதவியவர் என்பதால், இலத்தீனில் பூசை நடந்த காலத்தின் பதிலுரைகள் கடைசிவரை அவருக்கு மனப்பாடம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தமிழில் திருப்பலி வந்தபோது, பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் புரிகிறதே என்று மகிழ்ந்தவரும் அவரே. 1693இல் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூருக்கு ஆண்டுதோறும் நடந்தே போவார். கால் தளர்ந்தபின் பேரன்கள் அங்கிருந்து கொண்டுவந்த செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வார். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் அவரோடு முப்பது ஆண்டுகள் வீடு வீடாக அரிசி கொடுக்கப் போயிருக்கிறேன். வாங்குகிறவர் கூசுவார் என்று எப்போதும் இருட்டிய பிறகே போவோம். அது அவர் வைத்த வழக்கம்.

நோயுற்றோருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் பெற்ற அன்று, பிள்ளைகள் அழுதபடி சுற்றி நின்றபோது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஏழாச்சே, பாய் போடலையா?" என்று கேட்டார். அவர் கட்டிலைச் சுற்றிப் பாய்களை விரித்தார்கள். செபமாலையின் நான்காவது தேவ ரகசியம் வரை அவர் உதடுகள் அசைந்ததை நான் பார்த்தேன்.

இன்று மாலையும் ஏழு மணிக்கு அவர் வீட்டில் செபமாலை உண்டு, எல்லாரும் வாருங்கள். அவர் அமரும் இடத்தில், சுவரோரமாக, அவருடைய பாய் விரித்திருக்கும். மூத்த மகன் தொடங்கிவைப்பார்.