கத்திக்கு எந்தச் சாணை?

நேயர்களுக்கு வணக்கம். மழுங்கிய கத்தியை நாம் அழுத்தித்தான் வெட்டுகிறோம். அந்த அழுத்தத்தில் அது வழுக்கி விரலில் பாய்கிறது. எனவே கத்தியைக் கூராக வைத்திருப்பதைச் சமையலறைப் பாதுகாப்பின் முதற்கடமையாகவே நான் கருதுகிறேன்.

வீட்டில் தீட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. பிளவுக்குள் கத்தியை இழுத்தெடுக்கும் சிறு கருவி எளிது. ஆனால் அது இரும்பை மிகுதியாகச் சுரண்டி, விளிம்பைச் சொரசொரப்பாக விட்டுவிடுகிறது. வேகமாகச் சுழலும் உலர்சக்கரத்தில் சற்றே கவனம் தவறினாலும், சூடேறி விளிம்பின் பதம் போய்விடும். கைப்பிடியுள்ள எஃகுக் கோல் வளைந்த விளிம்பை நிமிர்த்துமே தவிர, தேய்ந்துபோன கூரை மீட்டுத் தராது. ஆகவே ஒன்றே ஒன்று வாங்குவதானால், 1000 எண்ணுள்ள சாணைக்கல்லை வாங்குங்கள் என்பேன். எண் கூடக்கூடக் கல்லின் மணல் நுண்மையாகும். விளிம்பு உடைந்த கத்திக்கு 400 போன்ற முரட்டுக் கல் வேண்டும்.

இதை ஒரு தச்சரிடம்தான் கற்றேன். பல மாதங்கள் கல்லில் தேய்த்தும் என் கத்திக்குக் கூர் வரவேயில்லை. கல்லையே குறை கூறிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல், கத்தியின் வாய் ஓரம் முழுவதும் மையைத் தடவி, வழக்கம்போலத் தேய்க்கச் சொன்னார். நான்கைந்து முறை தேய்த்துப் பார்த்தால், விளிம்புக்குச் சற்று மேலேயிருந்த மை அழிந்திருந்தது. விளிம்பில் இருந்த மை அப்படியே இருந்தது. நான் அத்தனை மாதங்களும் விளிம்பைத் தொடவேயில்லை! பிறகு அவர் கத்தியின் முதுகைச் சற்று உயர்த்தித் தேய்த்து, மறுபுறத்தில் குறுக்காக, விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாக என் விரலைத் தடவச் செய்தார். மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்பட்டது. விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டிவிடாதீர்கள்; குறுக்காக மட்டுமே தடவ வேண்டும்.

கல் விளிம்பை எட்டிவிட்டது என்பதற்கு அந்தப் பிசிறுதான் அடையாளம். ஒரு பக்கம் தேய்த்து, அடிமுதல் நுனிவரை மறுபக்கத்தில் பிசிறு எழுந்தால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். எத்தனை முறை தேய்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். எண்ணிக்கையை விடுங்கள், பிசிறைத் தேடுங்கள் என்பதே என் பதில். இரு பக்கமும் எழுந்தபின், அழுத்தமில்லாமல் பக்கம் மாற்றி மாற்றி இழுத்து அதை நீக்க வேண்டும்.

கல்லின்மேல் கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்று அறிய, ஒரு காகிதத்தின் மூலையை இருமுறை பாதியாக மடியுங்கள். கிடைக்கும் கோணம் இருபத்திரண்டரை பாகை. பெரும்பாலான சமையலறைக் கத்திகளுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக, 15 முதல் 20 பாகைக்குள் சாய்த்தால் போதும்.

நேரம் முடியப்போகிறது, சிலவற்றைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல் வைத்த கத்தியைத் தட்டைக் கல்லில் தீட்ட இயலாது. பீங்கான் கத்திக்கு வைரத்தூள் பதித்த கல் வேண்டும். தீட்டிய கத்தியால் கண்ணாடித் தட்டின்மேல் வைத்து நறுக்காதீர்கள், மரப்பலகை போதும். வணக்கம்.