ஓய்வா, ஓட்டமா: ஒரு மைவி கார் அம்மாவின் வாதம்

நடுவர் அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் ஃபாதருக்கும், பின்னால் கோழிக்கறி வாசம் வந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு தெரியும்தான். இருந்தாலும் கதவோரம் நின்று வாட்ஸ்அப் பார்க்கிற அண்ணன்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். "பள்ளி விடுமுறையில் குடும்பத்துக்குத் தேவை ஓய்வா, ஓட்டமா?" நான் ஓட்டம் அணி. எனக்கு முன்னால் பேசிய ஆசிரியர் ஐயா, பிள்ளைகளைச் சும்மா விடுங்கள், சும்மா இருந்தால்தான் யோசிக்கவே கற்றுக்கொள்வார்கள் என்றார். அவர் அணியில் அடுத்துப் பேசிய அக்கா, மே மாதக் கடைசி வந்தாலே அம்மாக்கள் டிரைவராகவும் சமையல்காரியாகவும் ஆகிவிடுகிறார்கள், அம்மா என்ன மெஷினா என்று கேட்டு நல்ல கைத்தட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். எதிரணியாக இருந்தால் என்ன, கேள்வி நியாயமான கேள்வி.

ஆனால் அக்கா, நான் தமிழ்ப்பள்ளி கேண்டீனில் வேலை செய்கிறவள். பள்ளிக்கூடம் மூடினால் எனக்கும் வேலை கிடையாது, அந்த இரண்டு வாரத்துக்குச் சம்பளமும் கிடையாது. அப்படியென்றால் நிம்மதியாக வீட்டில் ஓய்வெடுக்கலாமே என்று போன வருடம் நானே முடிவு செய்து, எங்கேயும் போகவில்லை, யாரையும் எழுப்பவில்லை. என்ன ஆனது தெரியுமா? ஒன்பது மணிக்குச் சின்னவன் எழுந்தான், அவனுக்குத் தோசை. பதினோரு மணிக்கு மகள், அவளுக்குத் தோசை வேண்டாம், மேகி. ஒரு மணிக்குப் பெரியவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து "மா, சாப்பிட என்ன இருக்கு?" என்று சட்டியைத் திறந்து பார்த்து மூடுகிறான். மூன்று மணிக்கு மறுபடியும் சின்னவன். நான் அடுப்பங்கரையை விட்டு நகர்ந்த ஞாபகமே இல்லை. வீட்டில் எல்லாரும் ஓய்வாகத்தான் இருந்தார்கள், சரி, அந்த ஓய்வைச் சமைத்துப் போட்டது யார்? கேண்டீனிலாவது மணி அடித்தால் கூட்டம் கலைந்துவிடும்.

அதனால்தான் இந்த வருடம் ஓடினேன். முதல் ஞாயிறே தூய ஆவி பெருவிழா, மகள் மலாய் மொழியில் மன்றாட்டு வாசிக்க அதற்கு ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை, அப்புறம் இளையோர் நிதி திரட்டக் கோயில் வாசலில் கார் கழுவினார்கள், ஒரு காருக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்), அதில் என் கார் இரண்டு தடவை (முதல் தடவை சோப்புத் தண்ணீரோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்), அப்புறம் கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டு வேலை, அப்புறம் பாட்டுப் பயிற்சி, அதற்கு நடுவில் எங்கள் குடும்பத்தின் ஊர்சுற்றல் வேறு. களைப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் ஞாயிறு பிரசங்கத்தில் நான் தூங்கினேன். ஃபாதர் பார்த்தார். இப்போதும் பார்க்கிறார்.

மூன்றாவதாகப் பேசிய அண்ணன் செலவுக் கணக்கு கேட்டார். சொல்கிறேன். நம் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் இருபது கிலோமீட்டர் போல இருக்கும். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், நிற்கிறது. 1877-இல் இந்த மலேசிய நாட்டில் முதன்முதலாக நட்ட கன்றுகளில் மிஞ்சியது. நம்மில் பாதிப் பேரின் பாட்டன் பூட்டன் கப்பல் ஏறியது அந்த மரத்தை நம்பித்தான். அதைப் பார்க்கப் பைசா கிடையாது. ஆனால் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறீர்கள்? என் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். முப்பது வருடம் தோட்டத்தில், தண்டல் என்கிற மேற்பார்வையாளர் கீழ், பால்மரம் வெட்டியவர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார். மலேசிய வரலாற்றைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, "எங்க தண்டல் கண்ணுல பட்டிருந்தா இத எப்பவோ தள்ளச் சொல்லியிருப்பான்" என்றார். அப்புறம் அங்கேயே, இல்லாத கத்தியைக் கையில் பிடித்து, பட்டையை எந்தச் சாய்வில் வெட்டணும், மரத்துக்குக் காயம் படாமல் எவ்வளவு ஆழம் போகலாம் என்று காட்டினார். நாற்பத்தைந்து நிமிடம். என் பெரியவன் போனை எடுக்கவே இல்லை. இந்தப் பாடத்தை என் அம்மா வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து ஒரு நாளும் எடுத்ததில்லை, ஏனென்றால் சோஃபாவில் மரம் இல்லை.

ஜூன் முதல் திங்கள், பேரரசர் பிறந்தநாள் விடுமுறை. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரருக்கும் செம்பனை (எண்ணெய்ப் பனை) லாரி ஓட்டம் இல்லை. ஐந்து பேரும் இ.டி.எஸ். மின்சார ரயிலில் தைப்பிங் போனோம். வழியில் புக்கிட் பெராப்பிட் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல், சின்னவன் மூச்சை அடக்கிக்கொண்டே கடக்கிறேன் என்று பந்தயம் கட்டித் தோற்றான். தைப்பிங்கில் என் கொழுந்தனார் காரோடு நின்றார், குளத்துப் பூங்கா, மிருகக்காட்சி சாலை எல்லாம் நீங்கள் பார்த்ததுதான், அதை விடுங்கள். கோல செபெத்தாங் போனோம் பாருங்கள், மீ ஊடாங், அதுதான் இறால் மீ, சாப்பிட. அங்கே பழைய ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகை இன்னும் மிஞ்சியிருக்கிறது. போர்ட் வெல்ட் என்று அந்த ஊரின் பழைய பெயரைப் பல எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், அதில் தமிழும் இருக்கிறது. மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில்தான் ஓடியது, 1885 ஜூன் 1. நாங்கள் போனதும் ஜூன் 1. நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை நம்புகிறார். நான் மறுக்கவில்லை. தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டு படிக்கிற சின்னவன் அந்தத் தமிழ் எழுத்தைத் தொட்டு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "மா, அப்பவே நாம இங்க இருந்தோமா?" என்று கேட்டான்.

அன்றைக்கு ரயிலில் எனக்கு ஓய்வும் கிடைத்தது, அக்கா. ரயிலுக்குள் அடுப்பு இல்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது.

எல்லா நாளும் அப்படி இல்லை. ஒரு நாள் அடைமழை, ஈப்போ போகும் வழியில் சின்னவன் வாந்தி எடுத்து, நானும் மகளும் சண்டை போட்டு, பாதியில் திரும்பி வந்தோம். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

இனி முகாமுக்கு வருகிறேன். மூன்று நாள் இளையோர் முகாம், இதே மண்டபத்தில், 42 பிள்ளைகள். கட்டணம் முப்பது வெள்ளி. முப்பதை ஒரே மூச்சில் கொடுக்க முடியாத வீடுகள் நம் பங்கில் இருக்கின்றன, அதனால் வாரம் பத்து வெள்ளியாக வாங்கினோம். நானும் இன்னும் இரண்டு அம்மாக்களும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். எதற்கு இந்தப் பிச்சை என்று ஒருவர் கேட்டார். நம் ஊர்க்காரர், அந்தக் காலத்து அமைச்சர் துன் சம்பந்தன், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத்தான் சேர்த்தார், அதை யாரும் பிச்சை என்று சொல்லவில்லையே என்றேன். அவர் இருபதாகக் கொடுத்தார்.

முதல் வேலையாகப் போன்களை எல்லாம் வாங்கி ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்கள். முதல் ராத்திரி அந்த டின் சமையலறையில் அழுதுகொண்டே இருந்தது. சமையல் எங்கள் பொறுப்பு. காலை நாசி லெமாக்குக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ நெத்திலி, சம்பல் கிண்டியே என் வலது தோள் போய்விட்டது. வீட்டில் "ம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாத என் பெரியவன், அடிப்பிடித்த குவாலிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே நான்கு பையன்களை வேலை வாங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்களே, அதை இவ்வளவு நாள் நான் திட்டாகத்தான் நினைத்திருந்தேன். வெளியே போனால்தானே புலி இருப்பது தெரியும்! வீட்டுக்கு வந்த பிறகு மறுபடியும் "ம்"தான். அதை மறைக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் பிள்ளைகளைப் பழைய தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் சில குடும்பங்கள்தான் இருக்கின்றன. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவரோடு பிள்ளைகளும் போய்ப் பாடி, ஜெபம் சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். அங்கே ஒரு பாட்டி, எண்பது வயதைத் தாண்டியவர், "காலையில நாலரைக்கெல்லாம் எழுந்து பிரட்டுக்கு ஓடுவோம்" என்று ஆரம்பித்தார். ஒரு பிள்ளை மெதுவாகக் கையைத் தூக்கி, "பாட்டி, பிரட்டுன்னா ரொட்டியா?" என்று கேட்டது. நாங்கள் சிரித்துவிட்டோம். பாட்டி மட்டும் சிரிக்காமல், "ஆமாய்யா, அதுக்குப் போனாத்தான் ரொட்டி" என்றார்.

நடுவர் அவர்களே, என் வாதம் முழுக்க அந்தப் பிள்ளையின் கேள்வியில் இருக்கிறது. விடிகாலை இருட்டில் தோட்டத்து ஆட்கள் எல்லாம் வரிசையில் நின்று பெயர் கொடுத்து வேலை வாங்கிக்கொண்டு போன அந்த இடத்தின் பெயர்கூட, அந்தத் தோட்டத்துப் பேரப்பிள்ளைக்குத் தெரியவில்லை. பிள்ளை மேல் என்ன தப்பு?

ஆசிரியர் ஐயா, நாமும் சின்ன வயதில் சும்மாதான் இருந்தோம், யாராவது நம்மை முகாமுக்குக் கூட்டிப் போனார்களா என்று கேட்டீர்கள். உண்மைதான். ஆனால் நாம் எங்கே சும்மா இருந்தோம்? லயத்தில். கதவைத் திறந்தால் எதிரே திடல், திடலில் ஏற்கெனவே பத்துப் பிள்ளைகள், அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில், இந்தப் பக்கம் நம் சின்ன சிற்றாலயம், அம்மா தீம்பாருக்குப் பால்மரம் வெட்டப் போனால் ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொள்ள ஆள், சண்டை போட்டால் பிரித்துவிட நாலு பெரியம்மா, திருநாள் வந்தால் தோட்டத்து லாரியிலேயே எல்லாரும் ஏறி ஊர்வலமாக. நம் அம்மாக்கள் எங்கேயும் ஓட வேண்டிய தேவை இருக்கவில்லை, எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தது. அப்புறம் தோட்டம் கைமாறியது, கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயம் காலியானது, நாம் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கு வந்து கிரில் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டோம். வீடு நல்ல வீடுதான், நான் குறை சொல்லவில்லை, லயத்தில் மழைக்கு எத்தனை வாளி வைத்தோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த கிரிலுக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் "சும்மா விடு" என்றால், அது போய்ச் சேருகிற திடல் போன்தான்.

லயம் சும்மா கொடுத்ததை நான் இப்போது மைவியில் ஏற்றி இறக்குகிறேன், அவ்வளவுதான். பிள்ளைக்குப் பிள்ளை வேண்டும், அதனால் முகாம். பிள்ளைக்குப் பாட்டி வேண்டும், அதனால் கோலகங்சார். இதை ஓட்டம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், நான் இதைப் பக்கத்து வீடு என்று சொல்வேன், பெட்ரோல் போட்டுப் போக வேண்டிய பக்கத்து வீடு.

அக்கா கேட்ட மெஷின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை, மறக்கவில்லை. ஒரு லயத்தில் முப்பது வீடு சேர்ந்து செய்ததை ஒரே அம்மா செய்தால் அவள் மெஷின்தான், உடைந்துதான் போவாள். அதற்கு வழி ஓட்டத்தை நிறுத்துவது இல்லை, ஓடுகிற ஆளைக் கூட்டுவது. இங்கே எத்தனை அப்பாக்களிடம் லைசன்ஸ் இருக்கிறது? கையைத் தூக்குங்கள். நல்லது, கையை இறக்க வேண்டாம், என் மகள் பெயர் எழுதிக்கொள்கிறாள். அடுத்த மாதம் 26-ஆம் தேதி புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருநாள், ஒன்றரை மணி நேரப் பாதை, இளையோர் பஸ்ஸில் இடம் நிரம்பிவிட்டது, இன்னும் பதினொரு பிள்ளைகளுக்குக் கார் வேண்டும். இயேசுவின் பாட்டியைப் பார்க்கப் போகிறவர்கள், வரும்போது பின் சீட்டில் சொந்தப் பாட்டிக்கும் ஓர் இடம் வையுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. நடுவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், தீர்ப்பு வரை என்னால் உட்கார முடியாது. எட்டரைக்குப் பாட்டுப் பயிற்சி முடிகிறது, மூன்று பிள்ளைகளை மூன்று தாமானில் இறக்கிவிட வேண்டும், அதில் ஒன்று ஆசிரியர் ஐயாவின் பேத்தி. தீர்ப்பை யாராவது வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். கோழிக்கறியில் ஐந்து பேருக்கு எடுத்து வையுங்கள்.