கட்டுரை காசு கேட்கிறதா? கார்டை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

[திரை: ஆய்விதழ்ப் பக்கம். சுருக்கம் மட்டும் தெரிகிறது, கீழே 'வாங்க' பொத்தான்]

வணக்கம். மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்களுடையது அரசுக் கல்லூரிதான். ஆனாலும் இந்தப் பக்கம் காசு கேட்கிறது. கட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் சந்தா இருக்கும். நீங்கள் யார் என்பதுதான் பதிப்பகத்துக்குத் தெரிந்திருக்காது.

வளாகத்துக்குள் பதிப்பகத் தளம் பார்ப்பது ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்ணை. அங்கே உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் தேடினால் நீங்கள் வெளியாள்தான். இணைய முகவரியை மாற்றிக் காட்டும் விபிஎன் செயலி ஓடினாலும் அதே கதை. கல்லூரி வைஃபைக்கு மாறிப் பாருங்கள்.

வைஃபையிலும் யாருக்குமே திறக்கவில்லையா? சமீபத்தில் கல்லூரி இணைய இணைப்பை மாற்றியதா என்று விசாரியுங்கள். இணைப்பு மாறினால் ஐபியும் மாறலாம். பதிப்பகத்திடம் பழையதே பதிவில் இருக்கும். அதை மாணவர் சரிசெய்ய முடியாது, நூலகர்தான் புது முகவரியைப் பதிவு செய்ய வைக்க வேண்டும்.

[திரை: உள்நுழைவுப் பக்கம், கல்லூரிகளின் பட்டியல்]

வீட்டிலிருந்து என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் 'இன்ஃபெட்' வழி: கல்லூரிக் கணக்கால் பதிப்பகத் தளத்தில் உள்நுழையும் முறை இது. கடவுச்சொல் சரி, ஆனாலும் பிழைச் செய்தி வருகிறதா? லாகின் பக்கத்தை புக்மார்க் செய்து வைத்திருக்கிறீர்களா, பாருங்கள். ஒவ்வொரு உள்நுழைவுக்கும் புதிதாக ஒரு கோரிக்கை உருவாகிறது, சில நிமிடங்களில் அது செல்லாததாகிவிடும். புக்மார்க் அந்தப் பழைய கோரிக்கைக்கே கொண்டுபோய் விடும். பதிப்பகத் தளத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

அப்புறம், நான் மிகவும் நம்பும் சோதனை இது: திட்டத்தில் உள்ள வேறொரு பல்கலைக்கழக நண்பரிடம் அதே லிங்கைக் கொடுங்கள். அவருக்குத் திறந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் கல்லூரிப் பதிவில். அவருக்கும் திறக்காவிட்டால், அந்த இதழோ அந்தப் பழைய ஆண்டோ சந்தாவில் இல்லாமல் இருக்கலாம். பதிப்பகத்தின் பக்கமே கோளாறும் இருக்கலாம். நூலகர் யாரிடம் பேச வேண்டும் என்பது இதில் பாதி தெரிந்துவிடும்.

[திரை: மின்னஞ்சல்]

நூலகருக்கு 'ஓப்பன் ஆகலை சார்' என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "லிங்க் இது. நேற்று மாலை 4.10, வேதியியல் துறை வைஃபை. ஐபி இது. முகவரிப் பட்டையோடு ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். இதே பதிப்பகத்தின் மற்ற இதழ்கள் திறக்கின்றன." பதிப்பகத்தின் உதவிப் பிரிவு முதலில் கேட்பதும் இவற்றைத்தான், நூலகர் அப்படியே அனுப்பிவிடலாம்.