பதக்கம் வாங்காதவர்களின் ஜூடோ

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பேச வானொலிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது ஜெயித்துவிட்டு வந்திருப்பார்கள். நான் மாவட்ட அளவில்கூட ஒன்றும் ஜெயித்ததில்லை. சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற வேலை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஜூடோ வகுப்பில் சேர்ந்து, பல வருடங்களாக விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். பதக்கமும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை, பிறகு எதற்குப் போகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கான பதிலாக இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளலாம்.

ஜூடோவில் குத்து, உதை கிடையாது. எதிராளியின் தடித்த பருத்திச் சட்டையைப் பிடித்து, நிலைகுலைய வைத்து, முதுகு தரையில் படும்படி எறிய வேண்டும். அல்லது தரையில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பெரியவர்கள் என்றால் கழுத்தை நெரிக்கும் பிடியும் முழங்கையைப் பூட்டும் பிடியும் சேரும். சுத்தமாக எறிந்தாலோ, மல்லாக்கப் போட்டு 20 விநாடி எழவிடாமல் வைத்தாலோ இப்போன் என்பார்கள். ஆட்டம் அதோடு முடிந்தது.

சேர்ந்தவுடன் யாரையாவது தூக்கிப் போடலாம் என்ற ஆசையோடு போனால் ஏமாற்றம்தான். ஆரம்ப வாரங்களில் விழுவது மட்டும்தான் பாடம். முதலில் படுத்தபடி, பிறகு குத்துக்காலிட்டு, அப்புறம் நின்றபடி. முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை மோதும். கையை ஊன்றவே கூடாது. ஊன்றினால் மணிக்கட்டு போகும், இல்லையென்றால் காறை எலும்பு போகும். முன்கை முழுவதையும் தட்டையாக வைத்து மேட் மீது ஓங்கி அறைந்தால் விழுகிற வேகத்தில் ஒரு பங்கு அதில் கழிந்துவிடும். கேட்க எளிதுதான். ஆனால் விழும்போது கையை ஊன்றுவது நடக்கப் பழகிய நாளிலிருந்து நம் உடம்பில் ஊறிய வழக்கம். எட்டு வயதுப் பிள்ளைகள் சீக்கிரமே அதை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உருள்வார்கள். என்னைப் போன்றவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும், தோள் முழுக்கத் தைலமும் வேண்டும்.

இன்னொரு தடை மேட் மீது இல்லை, வீட்டில் இருந்தது. பயிற்சிக்கு இறங்குமுன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். சங்கிலியில் யாருடைய விரலாவது மாட்டினால் இருவருக்கும் ஆபத்து. மாஸ்டர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "விளையாடப் போகிறவள் தாலியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டா போவாள்?" என்று மாமியார் கேட்டதற்கு என்னிடம் ஒரு வரி பதில் இருக்கவில்லை. கொஞ்ச நாள் அந்தப் பேச்சே ஓடியது. கடைசியில் அவரே ஒரு சின்ன மஞ்சள் துணிப்பை தைத்துக் கொடுத்து, இதில் வைத்துக்கொள் என்றார். சம்மதம் என்று வாயால் இன்றுவரை சொன்னதில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. சிறு வயதில் மெலிந்த உடம்புக்காரர், பெரிய பையன்களிடம் அடி வாங்கியவர். அந்தக் கோபத்தில்தான் ஜுஜுட்சு என்ற ஜப்பானின் பழைய சண்டைக்கலையைப் படிக்கப் போனார். 1882இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் கோடோகன் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது எதையும் புதிதாகச் சேர்த்ததை அல்ல, ஒதுக்கியதை. பழைய ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளையும் முறிக்கும் பிடிகளையும் 'கட்டா' என்ற வகுத்துவைத்த பயிற்சிக்குள் மட்டும் வைத்தார். மிச்சமிருந்ததை இருவரும் முழு பலத்தோடு, விட்டுக்கொடுக்காமல் செய்து பார்க்கலாம் என்றார். அதற்குப் பெயர் ரண்டோரி.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கண்ணைக் குத்தும் வித்தை ஒன்று தெரிந்திருந்தாலும் அதை யார் மீதும் முழுதாகச் செய்து பழக முடியாது. ஆனால் காலை வாரி எறிவதை ஒரே மாலையில் பலமுறை, நிஜமாகவே எதிர்க்கிற ஆள் மீது செய்து பார்க்கலாம். தெரிந்த வித்தை குறைவாக இருந்தாலும் பழகியவர் கை ஓங்கும். என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. வார நாட்களில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற, நாற்பதைத் தொட்ட ஒருத்தி, இன்னொரு மனிதரோடு முழு பலத்தையும் காட்டி மோதிவிட்டு, இரவு வீட்டுக்குப் போய்த் தோசை வார்க்கலாம். தாங்க முடியாவிட்டால் இரண்டு தட்டு தட்டினால் போதும், எதிராளி அந்த நொடியே பிடியை விட்டுவிடுவார். வேறு எந்த இடத்திலும் எனக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

எனக்குப் பிடித்த எறிமுறை தே-ஆஷி-பராய். பலமே தேவையில்லை என்பார்கள், பாதி உண்மை. எதிராளி ஓர் அடி எடுத்து வைக்கிறார். பாதம் தரையைத் தொட்டு, உடல் பாரம் அதன் மேல் இன்னும் முழுதாக இறங்காத ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் நம் உள்ளங்காலால் அந்தப் பாதத்தைப் பக்கவாட்டில் வழித்துவிட்டால், இல்லாத படியில் கால் வைத்தவர் போல அப்படியே போய்விடுவார். கொஞ்சம் முந்தினால் காற்றை வழிப்போம். பிந்தினால் தூணை உதைத்த மாதிரி நம் கால்தான் வீங்கும். அந்தக் கணம் கண்ணுக்குத் தெரியாது. அவருடைய சட்டைக் கையைப் பிடித்திருக்கும் நம் விரல்களுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் பார்வையற்றவர்களுக்கு இவ்வளவு பொருந்துகிற சண்டைக்கலை இது. அவர்கள் ஆட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்த நிலையிலேயே தொடங்குவார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் 60 கிலோ எடைப் பிரிவில் வெண்கலம் வாங்கினாரே, இந்தியாவுக்கு ஜூடோவில் கிடைத்த முதல் பாராலிம்பிக் பதக்கம் அது. எங்கள் மாஸ்டரும் சில நாட்கள் எங்கள் கண்ணைத் துணியால் கட்டிவிடுவார். ஆச்சரியமாக, பலருக்கு அப்போது ஆட்டம் கூடிவரும்.

பெண்களுக்கு இந்தக் கதவு எளிதாகத் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு 1964 தோக்கியோ ஒலிம்பிக்கிலேயே ஜூடோ வந்துவிட்டது. பெண்கள் பதக்கத்துக்காக இறங்கியது 1992 பார்சிலோனாவில். கானோவிடமே நேரில் படித்த கேய்கோ ஃபுகுதாவை ஐந்தாம் டானிலேயே, அதாவது கருப்புப் பட்டையின் ஐந்தாம் படியிலேயே, பல வருடம் நிறுத்தி வைத்திருந்தார்கள். 1972இல்தான் ஆறாவது கிடைத்தது. அமெரிக்காவில் ரஸ்டி கானோகோகி 1959இல் ஆண்கள் அணியில் ஆண் போல இறங்கி ஜெயித்து, பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்தான் வீட்டை அடகு வைத்து, 1980இல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டியை நடத்தினார். என் மாமியாரின் மஞ்சள் பை எவ்வளவோ தேவலை.

ஜெயிக்காதவருக்கு அங்கே என்ன வேலை என்பதற்கு இன்னொரு பதிலும் உண்டு. ஜூடோவைத் தனியாகப் பழக முடியாது. மாநிலப் போட்டிக்குத் தயாராகும் பெண்ணுக்கு, எறியப்படுவதற்கு ஓர் உடம்பு வேண்டும். பயப்படாமல் விழுந்து, உடனே எழுந்து, "இழுப்பு போதவில்லை, இன்னொரு தடவை போடு" என்று சொல்லத் தெரிந்த உடம்பு. எங்கள் வகுப்பில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள். அவள் வந்த புதிதில் நான்தான் விழச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ரண்டோரியில் அவளை என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை, பிடித்த மாத்திரத்தில் கூரையைப் பார்க்கிறேன். போட்டிக்கு முந்தின வாரங்களில் அவள் முதலில் தேடுவது என்னைத்தான். நான் சுத்தமாக விழுவேன், அவளும் தயங்காமல் எறிவாள். எனக்கு இதில் பெருமைதான், கொஞ்சம் இடுப்பு வலியும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது சேர்ந்து பார்க்கலாம் என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மேட்கள் நடுவே இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கின்றனவா, தட்டியதும் பிடியை விடுகிறார்களா, புதிதாக வந்தவர்களை விழப் பழக்குகிறார்களா என்று கவனியுங்கள். முதல் நாளே எறியச் சொல்லும் இடமாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள். கழுத்திலோ முதுகிலோ பழைய கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சீருடை உடனே வாங்கத் தேவையில்லை. வாங்கும்போது ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குங்கள், துவைத்தால் சுருங்கும். மழைக்காலத்தில் காயவும் காயாது, அதை நினைத்தால் இரண்டாவது ஒன்றும் தேவைப்படும். நன்றி, வணக்கம்.