கிளிப் இருந்தால்தான் சுவிட்ச்: நாகர்கோவில் மாதிரி விமானக் குழு ஏன் நின்றது?

தக்கலையிலிருந்து ஒரு நேயர், நாகர்கோவிலில் நாங்கள் நடத்திவந்த மாதிரி விமானக் குழுவை யார் தொடங்கினார்கள், அது ஏன் நின்றுபோனது என்று கேட்டிருக்கிறார். முதல் பாதிக்கு விடை சுருக்கமானது. பதிவு செய்த சங்கமோ ரசீதுப் புத்தகமோ எங்களுக்கு இருந்ததில்லை. என்.சி.சி. வான்பிரிவில் பயின்ற ஓர் அண்ணாச்சி, இரண்டு மெல்லிய கம்பிகளின் நுனியில் விமானத்தைப் பிணைத்துத் தம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் வித்தையைக் காட்டினார். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டோம். கேள்வியின் இரண்டாம் பாதிதான் சில நாள்களாக என் மனத்தைவிட்டு அகலவில்லை.

கம்பிக்குப் பதில் ரேடியோ அலையால் விமானத்தை இயக்கும் ரேடியோ கண்ட்ரோல் வந்த பிறகுதான் நாங்கள் உண்மையில் ஒரு குழுவானோம் என்பேன். நாங்கள் கையில் பிடித்து இயக்கிய அக்காலத்து டிரான்ஸ்மிட்டர்கள் 35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கின. அதில் எந்தச் சேனல் என்பதை உள்ளே செருகும் ஒரு சிறு கிறிஸ்டல் தீர்மானிக்கும். ஒருவருடைய விமானம் வானில் இருக்கும்போது, அதே சேனல் வைத்திருக்கும் மற்றொருவர் தம் சுவிட்சைப் போட்டுவிட்டால், விமானத்திலுள்ள ரிசீவர் குழம்பி, அதன் சுக்கான்களை அசைக்கும் சர்வோ மோட்டார்கள் துடித்து, விமானம் தலைகுப்புற வயலில் குத்திவிடும். அதனால் சேனல் எண் எழுதிய துணிக் கிளிப்புகளை ஒரு பலகையில் மாட்டியிருந்தோம். தம் எண்ணுக்குரிய கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிய பிறகே எவரும் சுவிட்சைத் தொடலாம். கிளிப் இருந்தால்தான் சுவிட்ச்: பழைய நேயர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்த கதை, பொறுத்தருள வேண்டும்.

ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் எல்லாமே நடந்தது. எங்களில் ஒரு வங்கி மேலாளருக்கும் ஒரு டிவி மெக்கானிக்குக்கும் ஒரே சேனல் வாய்த்திருந்தது. ஒருவர் பறக்கவிடும்போது மற்றவர் வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்துதான் மேலாளர், பேட்டரி வயரில் ஈயம் கட்டிதட்டாமல் பற்றவைக்கும் பக்குவத்தை மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டார். கிளிப் இல்லாதிருந்தால் அவ்விருவரும் ஒரு வணக்கத்தோடு நின்றிருப்பார்கள்.

களத்துக்கும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழவு தொடங்கும்வரைதான் ஏலா, அதாவது வயல்வெளி, எங்களுடையது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீறும்போது முப்பந்தல் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், பால்சா கட்டையால் செய்த எங்கள் விமானங்களுக்குத் திண்டாட்டம். தென்னை மண்டையில் விமானம் சிக்கினால், மரம் ஏறுபவர் வரும்வரை அண்ணாந்து நிற்போம். அவர் அதை இறக்கித் தந்து கூலியை வாங்கிக்கொண்டு, "அடுத்து எந்த மரம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

2005-ஐ ஒட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் விற்பனைக்கு வரத் தொடங்கின. அவற்றில் ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளக் குறியீட்டுக்கு மட்டுமே கட்டுப்படும். பலர் ஒரே நேரத்தில் பறக்கவிட்டாலும் மோதல் இல்லை. பாதுகாப்பைக் கருதினால் அது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் எவரும் எவருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்றானதும், அவரவர் தத்தம் வசதிப்படி வந்து, பேட்டரி தீர்ந்ததும் கிளம்பிவிட்டார்கள். 2021-இல் வந்த ட்ரோன் விதிகளே குழுவைக் கலைத்தன என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதற்கு வெகு முன்பே பலகையை எவரும் கொண்டுவருவதில்லை.

தக்கலை நேயர் புதிதாகத் தொடங்கும் எண்ணத்தில்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். முதலில் ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடம், பறக்கவிட அரசின் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று பாருங்கள். பிறகு வயல்காரரிடம் அனுமதி கேளுங்கள். விமானம் வாங்குவது அதற்கப்புறம் போதும்.