கம்பிவலைத் தட்டும் ஊரின் வருமானமும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஆப்பிரிக்கக் கிராமங்களின் பொருளாதாரத்தை வலுப்படுத்துவது உள்ளூர்க் கைத்தொழிலிலும் உணவுத் தொழிலிலும் பிறக்கும் புதுமையா, வெளியிலிருந்து வரும் பெரிய ஆலையா?" என்ற தலைப்பில், உள்ளூர்ப் புதுமையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கைத்தொழில் வயிற்றைக் கழுவத்தான் உதவும், ஊரை உயர்த்தாது என்றார். அந்த வாதத்தைக் கானா நாட்டுக் கடற்கரையில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

தலைநகர் அக்ராவில் உள்ள மீனவர் குடியிருப்பு சோர்கோர். கடலுக்குப் போகிறவர்கள் ஆண்கள். கரை சேர்ந்த மீனை விலைக்கு வாங்கிப் புகையூட்டிச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் பெண்கள். முன்பு அவர்கள் வட்டமான மண் அடுப்பையோ பழைய எண்ணெய்ப் பீப்பாயையோ நம்பியிருந்தார்கள். அதில் கொஞ்சம் மீன்தான் கொள்ளும். கருகாமலிருக்கக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் சுடும், கண் எரியும், விறகும் ஏராளமாகச் செலவாகும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கானாவின் உணவு ஆராய்ச்சி நிலையமும் அந்தப் பெண்களோடு சேர்ந்து உருவாக்கியதே சோர்கோர் அடுப்பு. நீள்சதுரமான மண்சுவர், முன்புறம் இரண்டு விறகு வாய்கள், மேலே மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகள், அவ்வளவுதான். 15 தட்டுகள் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்த அடுக்கே புகைபோக்கியாகி, வெப்பத்தையும் புகையையும் வீணாகாமல் பிடித்து வைக்கிறது. தட்டுகளை மேலும் கீழுமாக இடம் மாற்றினால் போதும், மீன் சீராக வேகும்.

நடுவர் அவர்களே, மண் ஊரில் இருக்கிறது. சட்டம் அடிக்கும் தச்சர் ஊரில் இருக்கிறார். கம்பிவலையை மட்டுமே கடையில் வாங்க வேண்டும். ஆகவே அடுப்புக்குச் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே சுழல்கிறது. மீன் குவியும் பருவத்தில், அழுகும் முன் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி குறைந்து, நன்றாக உலர்ந்த மீனை இருப்பில் வைத்து விலை ஏறும்போது விற்கும் வலிமை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது. ஆலை வந்தால் அவளுக்குக் கூலி கிடைக்கலாம். எப்போது விற்பது, என்ன விலைக்கு விற்பது என்று தீர்மானிக்கும் உரிமை கிடைக்காது. பொருளாதார வலிமை என்று நான் சொல்வது அந்த உரிமையைத்தான்.

ஓர் ஊரோடு நின்றுவிடும் புதுமையால் என்ன பயன் என்றும் நண்பர் கேட்டார். இந்த அடுப்பு ஓர் ஊரோடு நிற்கவில்லை. டோகோ, பெனின், கினி என்று மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நெடுகப் பரவியது. கடற்கரையை விட்டு விலகிய உட்பகுதிகளுக்கும் ஒரு சான்று தருகிறேன். ஃபோனியோ என்பது கடுகினும் சிறிய சிறுதானியம். உரலில் மணலோடு சேர்த்துக் குத்தி, பின்பு பலமுறை கழுவி மணல் நீக்கும் வேலைக்கு அஞ்சியே பல வீடுகள் அதைக் கைவிட்டன. செனகல் நாட்டுத் தொழில்நுட்ப ஆசிரியர் சனூசி தியாகித்தே அதற்கென உமி நீக்கும் இயந்திரத்தை வடிவமைத்தார். 1996இல் ரோலெக்ஸ் விருது பெற்ற அது, 5 கிலோ தானியத்தைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. அந்த மண்ணின் பயிரையும் பக்குவத்தையும் அறிந்தவர் கண்ட தீர்வு அது.

சோர்கோர் அடுப்பில் குறையே இல்லையா? உண்டு. மீனின் கொழுப்பு நெருப்பில் சொட்டி எழும் புகை, புற்றுநோய்க்கு வழிவகுக்கும் வேதிப்பொருள்களை மீனில் படியவிடுகிறது. அதனால் ஐரோப்பியச் சந்தையில் நுழைவது கடினமாயிற்று. பெரிய ஆலை வேண்டும் என்பதற்கு எதிரணியின் வலுவான ஆதாரம் இதுவாகவே இருக்கும். ஆனால் நடந்தது என்ன? 2008க்குப் பின் செனகலின் மீன்வளப் பயிற்சி மையம் ஒன்று, அதே ஐ.நா. அமைப்போடு சேர்ந்து, சொட்டும் கொழுப்பைத் தனியே பிடிக்கும் தட்டு கொண்ட தியாரோய் அடுப்பை உருவாக்கியது. சோர்கோர் அடுப்பை இடிக்காமல் அதன் மேலேயே இந்தப் பகுதிகளைப் பொருத்திக்கொள்ளலாம். தன் தொழிலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பெண் அடுத்த படிக்கு ஏற முடிகிறது என்பதைக் கணக்கில் கொண்டு, தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி.