எந்த வார்டுக்கு எவ்வளவுங்க?

(கோவை காளப்பட்டியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

மாநகராட்சி பட்ஜெட் வந்த மறுநாள் பேப்பரில் என்ன பார்க்கிறோம்? வரவு இத்தனை கோடி, பற்றாக்குறை இத்தனை கோடி. நம்ம வார்டுக்கு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று தலைப்பில்தான் கணக்கு எழுதுகிறார்கள். கல்வி வரியை எடுத்து ரோடு போட்டுவிடக் கூடாது, அதற்கு அந்தப் பிரிப்பு நல்லதுதான். ஆனால் பணம் எந்தத் தெருவில் இறங்கியது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

2011-ல் கோவை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டானது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையத்தோடு வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, நம்ம காளப்பட்டி எல்லாம் சேர்ந்தன. பாதாளச் சாக்கடை பழைய நகரத்துக்கு முதலில் போனது. சேர்ந்த ஊர்கள் வருஷக்கணக்கில் கடைசிப் பந்திக்குக் காத்திருந்தன. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலிலேயே கோவை வந்தது. அந்தத் திட்டத்தில் பெரும்பணம் தேர்ந்தெடுத்த பகுதிக்குத்தான் என்பது டெல்லி போட்ட விதி. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், ரேஸ்கோர்ஸ் எல்லாம் பளபளவென்று ஆயின. நானும் அங்கே போய் நடக்கிறவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே 2016 கடைசியிலிருந்து 2022 வரை நமக்குக் கவுன்சிலரே இல்லை. போய்க் கேட்க ஆள் வேண்டுமல்லவா?

"ரேஸ்கோர்ஸ்காரர் அதிகம் வரி கட்டுகிறார், அவருக்குத்தானே அதிகம் செய்ய வேண்டும்" என்பார்கள். சொத்து வரி என்ன, கிளப் சந்தாவா? மாநில அரசு மாநகராட்சிக்குத் தருகிற நிதிக்குழு மானியத்தைக் கணக்கிடும்போது மக்கள்தொகையில் நம்ம தலையையும் எண்ணுகிறார்கள். எண்ணும்போது இருக்கிற தலை, செலவு செய்யும்போது எங்கே போகிறது?

சரி, நூறு வார்டுக்கும் சமமாகப் பிரித்துவிடலாமா? அதுவும் நியாயமில்லை. குழாயும் சாக்கடையும் ஏற்கெனவே இருக்கிற வார்டும் இல்லாத வார்டும் ஒன்றா? பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி என்ற நகரத்தில் 1989-ல் பட்ஜெட்டை மக்கள் கூட்டத்தில் வைத்தே முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். மக்கள்தொகை எவ்வளவு, எந்த வசதி இல்லை, அந்தப் பகுதிக்காரர்கள் எதை முதலில் கேட்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். வசதி குறைந்த பகுதிக்கு மதிப்பெண் கூடும்.

நமக்கும் கிராம சபை மாதிரி, வார்டு மக்கள் கூடிக் கேட்கிற பகுதி சபை இருக்கிறது. அடுத்த சபைக்கு எல்லோரும் வாங்க. தெருவிளக்கு எரியவில்லை என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். போன மூன்று வருஷத்தில் இந்த வார்டில் செய்த வேலை, அதன் செலவு, பக்கத்து வார்டுகளின் செலவு, மூன்றையும் எழுத்தில் கேட்போமுங்க.